ஹாலே நகரில் கண்ட ஏடுகள்

ஜெர்மனி சென்று திரும்பியவர்கள் பெர்லின் மதிலின் மிச்சங்களைப் பற்றியும் ரைன் நதிக்கரைக் கோட்டைகளைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நான் எழுத எண்ணுவது அவ்வளவாகப் பேர் பெறாத ஹாலே என்னும் ஊரைப் பற்றி. சாலே ஆற்றங்கரையில் அமைந்த பழைய நகரம் அது. உப்பு ஊற்றுகளால் செல்வம் பெற்றது. இசை மேதை ஹேண்டல் 1685இல் பிறந்த ஊர். 1694இல் பல்கலைக்கழகம் கண்ட ஊர். இத்தனை சிறப்புகள் இருந்தும், அங்கே என்னை இழுத்துச் சென்றது இவற்றுள் ஒன்றுமன்று. தமிழ் எழுத்துகள்தாம்.

என் மகன் லைப்சிக் நகரில் பணிபுரிகிறான். 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நானும் என் மனைவியும் அவனுடன் மூன்று வாரங்கள் தங்கியிருந்தோம். லைப்சிக்கிலிருந்து ஹாலேக்குப் புகைவண்டியில் அரைமணி நேரப் பயணந்தான். “அத்தா, அங்கே ஒரு பழைய அநாதை விடுதியின் மேல்மாடத்தில் தமிழ் ஓலைச்சுவடி வைத்திருக்கிறார்களாம். பார்க்க விருப்பமென்றால் போய்வரலாம்” என்று ஒருநாள் இரவு உணவின்போது அவன் சொன்னான். அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் ஹாலேயில் இல்லை. எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றில் இருந்தது.

திருவண்ணாமலை என்றதும் எல்லோருக்கும் கார்த்திகை தீபம் ஏற்றும் பெருமலைதான் நினைவுக்கு வரும். எங்கள் திருவண்ணாமலை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்கெதிரே நிற்க, தனியே எழுந்த சிறு குன்று அது. மேலே சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இராசபாளையத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருவார்கள். அந்தக் குன்றைப் பார்த்தபடி என் பாட்டனாருக்குச் சிறு தோட்டம் ஒன்றும் கமலைக் கிணறு ஒன்றும் இருந்தன. புரட்டாசியில் மலைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் எங்கள் கிணற்றடியில் தாகம் தீர்த்துச் செல்வதுண்டு. அன்று யாரும் யாரையும் இன்னார் என்று கேட்டதில்லை.

1967இல் எங்கள் நன்னி மௌத்தானார். எனக்கு அப்போது பத்து வயது. நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள், அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே கல்லச்சில் அடித்த கிதாபுகள் சில, கையால் எழுதிய அரபுத் தமிழ் ஏடுகள் பல, அடியில் ஒரு சிறு ஓலைக்கட்டு. பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்து, கறையான் ஏறியிருந்தது. எடுத்த கையிலேயே தாள்கள் உதிர்ந்தன. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ‘அலிபு எழுத்து’ எழுதப்பட்ட காகிதம் காலில் மிதிபடக்கூடாது; குப்பையில் சேரக்கூடாது; பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்கப்படக்கூடாது. ஆகவே தண்ணீரில் விட்டுவிடுவதே அதபு என்று முடிவாயிற்று. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் கட்டினார்கள். தோட்டம்வரை அதைத் தலையில் சுமந்து செல்லும் பேறு எனக்குக் கிடைத்தது. பேறு என்றுதான் அன்று எண்ணினேன். அத்தா பிஸ்மி சொல்லி, துணியோடு ஒரு கல்லையும் பிணைத்துக் கிணற்றில் இறக்கினார். சற்று நேரம் குமிழிகள் வந்தன. பிறகு நின்றுபோயின.

அந்த ஏடுகளில் என்ன இருந்தது? எனக்குத் தெரிந்தது கொஞ்சம். நன்னிக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் அவரை எழுத்தறிவற்றவர் என்றுதான் பதிந்திருப்பார். ஆனால் அரபு எழுத்தில் எழுதிய தமிழை அவர் தடையின்றி வாசிப்பார்; எழுதவும் செய்வார். பேரப்பிள்ளைகள் பிறந்த நாழிகை, சேய்க்கு மாந்தம் வந்தால் இடிக்க வேண்டிய மருந்து, யாருக்கு எவ்வளவு நெல் கொடுத்தது, திருமண வீட்டில் பாடும் பாட்டு, தாலாட்டு, தொழுகைச் சட்டம் எல்லாம் அந்த ஏடுகளில் கலந்து கிடந்தன. மழைக்காலத்து மாலைகளில் அவர் அதை மடியில் விரித்து இராகமிட்டு ஓதியதைக் கேட்டிருக்கிறேன். ஓசை நினைவிருக்கிறது, சொற்கள் ஒன்றுகூட நினைவில்லை. ஓலைக்கட்டில் என்ன இருந்தது என்று எவரும் பிரித்துப் பார்க்கவேயில்லை.

இனி ஹாலேக்கு வருகிறேன்.

ஊர்ச் சதுக்கத்தில் நான்கு கோபுரங்கள் கொண்ட பழைய தேவாலயமும், தனியே நிற்கும் செங்கோபுரமும், நடுவே ஹேண்டலின் சிலையும் உள்ளன. அங்கிருந்து தெற்கே சிறிது நடந்தால் பிராங்கே சதுக்கம். பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் போட்ட மேம்பாலச் சாலை ஒன்று அந்தப் பழைய கட்டிடத்தின் முகத்தை உரசுவதுபோலச் செல்கிறது. பார்த்ததும் எனக்கு மனம் சுளித்தது. ஆனால் நம் ஊர்களில் தேர் வீதியின் குறுக்கே என்னென்ன கட்டியிருக்கிறோம் என்று எண்ணிப் பேசாமலிருந்தேன்.

அவுகுஸ்து ஹெர்மன் பிராங்கே என்னும் பாதிரியார், 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு பள்ளி தொடங்கி, 1698இல் அநாதை விடுதிக்கு அடிக்கல் நாட்டினார். அது வளர்ந்து பள்ளிகள், மருந்துச்சாலை, அச்சகம், நூலகம் என ஒரு சிற்றூரே ஆயிற்று. நீண்ட முற்றத்தின் ஒரு பக்கம் ஆறு அடுக்கு மரச்சட்ட வீடு முடிவின்றிச் செல்கிறது. 1728இல் கட்டி முடித்த நூலகத்தில், நாடக மேடையின் பக்கத் திரைகள் போல இருபுறமும் அலமாரிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே நின்றபோது என் மனைவி, “இத்தனை கிதாபையும் தூசி தட்டுவது யாரோ?” என்று கேட்டாள். நான் எழுப்பிய கேள்விகளிலெல்லாம் அதுவே சிறந்தது என்று பின்னால் தோன்றிற்று.

அநாதை விடுதியின் படிகளில் ஏறி உச்சியை அடைந்தோம். கூரைக்குக் கீழே அகன்றதொரு மேல்மாடம். 1741 அளவில் ஓவியர் ஒருவர் ஒழுங்குபடுத்திய காட்சியறை அது. அவர் தீட்டிய அலமாரிகளே இன்றும் நிற்கின்றன. விட்டத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. சங்கு, சிப்பி, கப்பல் மாதிரி, தொலைதேசத்துக் காலணி என்று மாணவர்க்கு உலகத்தைக் காட்டச் சேர்த்த பொருள்கள். அவற்றினிடையே கண்ணாடிக்கு அப்பால் ஓலைச்சுவடியும் இருந்தது.

மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஒரு ககரம், ஒரு மகரம், ஒரு ளகரம் என்று தனித்தனியாகத்தான் என்னால் பற்ற முடிந்தது. ஆயினும் அது நம் எழுத்து. பூச்சி அரிக்கவில்லை. ஓரம் சிறிது கறுத்திருந்தது, அவ்வளவே. நான் வெகுநேரம் நின்றிருந்ததைக் கண்டு மகன் ஒரு நாற்காலி தேடப் போனான்.

தமிழ் ஓலை ஜெர்மனிக்குச் சென்ற கதை பலரும் அறிந்ததுதான், சுருங்கச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரு ஜெர்மானிய இளைஞர்கள் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்பலமாக நின்றது ஹாலே. தமிழ் அச்செழுத்துகளை ஹாலேயில் வார்த்து, 1713இல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் அனுப்பினார்கள். எழுத்து பெரிதாக அமைந்து காகிதத்தை விழுங்கியதால், பின்னர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்க்கும்படி நேர்ந்தது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அச்சன்று, ஆட்கள். ஐரோப்பியர் இங்கு வந்ததையே படிக்கிறோம். நம்மவர் அங்கு சென்றதை மறந்துவிடுகிறோம். 1711இல் புளூட்சோ ஊர் திரும்பியபோது தம்முடன் ஒரு தமிழ்ச் சிறுவனை அழைத்துச் சென்றார். 1714இல் சீகன்பால்கு பயணப்பட்டபோது மலையப்பன் என்னும் இளைஞன் உடன் சென்றான். அக்கப்பலிலேயே சீகன்பால்கு இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கணம் எழுதத் தொடங்கினார். அது 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. நான் கம்பளிச் சட்டையின்மேல் கம்பளிச் சட்டை அணிந்து நடந்த அதே முற்றத்தில், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கடற்கரைச் சோழநாட்டுப் பிள்ளை ஒருவன் நடந்திருக்கிறான். சோற்றுக்கு என்ன செய்தானோ! என் மகனின் ஊரில் இன்று பாசுமதி கிடைக்கிறது, கறிவேப்பிலைகூடக் கிடைக்கிறது.

நம் சமுதாயத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. 1708இல் சீகன்பால்கு தம் கையிலிருந்த தமிழ் நூல்களுக்கு ஓர் அட்டவணை எழுதினார். ஒவ்வொன்றையும் இன்னது என விளக்கி எழுதிய அட்டவணை. தமிழ்ச் சமயத்தாரின் நூல்கள் மட்டும் அதில் 119. லுத்தரன் நூல்களும் கத்தோலிக்க நூல்களும் தனித்தனியே. இவற்றோடு, முஸ்லிம்களின் தமிழ் நூல்களுக்கென்றும் ஒரு சிறு பகுதி உண்டு. தரங்கம்பாடியிலிருந்து நாகூர் அதிகத் தொலைவில் இல்லை. கடற்கரை நெடுகிலும் நம் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களிடம் தமிழ் நூல்கள் இருந்தன. அவை ஓர் அந்நியனின் கைக்கும் எட்டின. வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா 1572இல் மதுரையில் அரங்கேறியது என்று படித்திருக்கிறோம். உமறுப் புலவரின் சீறாப்புராணமோ 1842இல்தான் அச்சேறிற்று. இவ்விரண்டுக்கும் இடையே நெடுங்காலம் நம் நூல்கள் ஓலையிலும் ஏட்டிலுமே உயிர் வைத்திருந்தன. அந்த இடைக்காலத்தில், நம்மவரல்லாத ஒருவர் உட்கார்ந்து அவற்றைக் குறித்து வைத்திருக்கிறார். நம்மவருள் கலாநிதி ம. மு. உவைஸ் அவர்கள் முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டு பற்றி 1953இல் நூல் வெளியிட்டு, பின்னர் வாழ்நாள் முழுதும் தேடித் தொகுத்தார்கள். அதற்குள் எத்தனை கிணறுகள் நிரம்பியிருந்தனவோ!

மகன் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றிருந்ததால் ஆவணக்காப்பகத்தின் வாசிப்பறைக்கும் செல்ல முடிந்தது. அங்கிருந்த அம்மையார் நான் எந்த ஊர் என்று விசாரித்தார். திருவண்ணாமலை என்றேன். முகம் மலர்ந்து, “ரமண மகரிஷி!” என்றார். இல்லை, இது வேறு திருவண்ணாமலை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் என்று மகன் மொழிபெயர்க்க, அவர் அதைச் சிரத்தையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எங்கள் சிறு குன்றின் பெயர் ஹாலேயில் ஒரு தாளில் ஏறியது அன்றுதான் முதல்முறையாக இருக்கக்கூடும்.

“அந்த அட்டவணையில் கண்ட முஸ்லிம் நூல்கள் எங்கே?” என்று கேட்டேன். சீகன்பால்கு சேர்த்த சுவடிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை என்பதை அவர் மறைக்காமல் சொன்னார். பட்டியல் இருக்கிறது, நூல்கள் இல்லை. தமிழ் மக்கள் அந்தப் பாதிரிமாரின் கேள்விகளுக்கு எழுதிய 99 மடல்களின் கதையும் இதுதான். ஜெர்மன் மொழியில் 1714லும் 1717லும் ஹாலேயில் அச்சாயின. தமிழ் மூலங்கள் போய்விட்டன. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713இல் எழுதி அனுப்பிய பெருநூலை ஹாலேயார் அச்சிடவேயில்லை. அது 1867இல் சென்னையில்தான் வெளிவந்தது.

ஆகவே, ஐரோப்பியன் காத்தான், நாம் தொலைத்தோம் என்று கட்டுரை எழுத வந்த என் வாய் அங்கே அடைபட்டது. அவர்களும் தொலைத்திருக்கிறார்கள். நம் மக்களை மதம் மாற்ற வந்தவர்கள் சேர்த்தவை இவை என்பதையும் நான் மறந்துவிடவில்லை. ஆனால் ஒன்று என்னை விட்டு அகலவில்லை. தாம் நம்பாததையும், மறுக்க வந்ததையும், அச்சிட மனமில்லாததையும் அவர்கள் ஒரு பெட்டியில் போட்டு எண் எழுதி மாடத்தில் வைத்தார்கள். நாமோ கண்ணில் ஒற்றிக்கொண்டதைத் தண்ணீரில் விட்டோம். எங்கள் அத்தா அலட்சியத்தால் அதைச் செய்யவில்லை, மரியாதையால் செய்தார். மரியாதை சற்றுக் குறைவாக இருந்திருந்தால் நன்னியின் ஏடு இன்றும் ஏதாவது பரணில் கிடந்திருக்கும்! கிழிந்துபோன குர்ஆன் தாளுக்கு உரிய ஒழுங்கை மாந்த மருந்துக் குறிப்புக்கும் தாலாட்டுக்கும் சேர்த்து நடத்திவிட்டோம். எழுத்து ஒன்றாயிருந்ததால் வந்த வினை.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு நகரின் மேற்கே, அடுக்குமாடி வீடுகள் மலிந்த நொய்ஸ்டட் பகுதிக்குச் சென்றோம். சிரியா நாட்டவர் பலர் இருந்தனர். தொழுகை முடிந்து முதியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு ஏதோ கேட்டார். “ஹிந்த்” என்ற ஒரு சொல்லால் பதில் சொன்னேன். அவருக்கு அது போதுமாயிருந்தது. திரும்பும் வழியில், 2019 அக்டோபர் 9ஆம் நாள் நடந்த கொலைகளைப் பற்றி மகன் சொன்னான். யூதர்களின் நோன்பு நாளில் ஒருவன் துப்பாக்கியோடு அவர்களது தொழுகை இல்லத்துக்கு வந்தான். மரக்கதவு திறந்து கொடுக்கவில்லை. தெருவில் சென்ற ஒரு பெண்மணியையும், அருகிலிருந்த கபாப் கடையில் உணவருந்திக்கொண்டிருந்த ஓர் இளைஞரையும் அவன் சுட்டுக் கொன்றான். கபாப் கடையை அவன் ஏன் தேர்ந்தான் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே மனத்தில் யூதனுக்கும் முஸ்லிமுக்கும் பகை கொண்டவன் அவன். “இதை நீ முன்பே சொல்லியிருந்தால் உன் அம்மா வந்திருக்கமாட்டாள்” என்றேன். “அதனால்தான் சொல்லவில்லை, அத்தா” என்றான். அந்தக் கதவைப் பின்னர் நினைவுச் சின்னமாக வைத்துப் பேணுகிறார்களாம்.

ஊர் திரும்பியதும் நான் முதலில் செய்தது தோட்டத்துக்குப் போனதுதான். தோட்டம் கைமாறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கிணறு தூர்ந்து, மேலே கருவேலம் முளைத்திருக்கிறது. சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். காகிதத்தைத் தேடி அல்ல. அது அப்போதே கரைந்து வயலுக்குப் பாய்ந்திருக்கும்.

பிறகு வீடு வீடாகக் கேட்கத் தொடங்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் உறவுக்காரர் வீடுகளில், “அரபுத் தமிழ்க் கிதாபு, கையெழுத்து ஏடு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்பதே வேலையாயிற்று. பெரும்பாலும் ஒரே பதில்: முன்பு இருந்தது, வீடு இடித்துக் கட்டும்போது ஆற்றில் விட்டோம், கண்மாயில் விட்டோம். ஒரு வீட்டில் அட்டை போன ஒரு கிதாபு கிடைத்தது. நூற்பாலை நாட்காட்டியின் பின்தாளால் யாரோ அதற்கு உறை போட்டிருந்தார்கள். அதைப் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமெடுத்து மகனுக்கு அனுப்பினேன். வாசிக்கத் தெரிந்தவர் யார் என்று தேடியதில், எழுபதைக் கடந்த மூன்று பெண்மணிகளின் பெயர்தான் சொல்லப்பட்டது. ஆண்கள் ஒருவரும் இல்லை. நானும் அவர்களிடம் ஓதக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன். தமிழின் ழகரத்துக்கும் ஙகரத்துக்கும் அரபு எழுத்தில் புள்ளி கூட்டி வடிவம் செய்திருக்கும் நேர்த்தியை இந்த வயதில்தான் அறிகிறேன்.

அம்மூவருள் மூத்த மாமி ஒருவரிடம், அவருடைய தாயார் எழுதிய ஏடு இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றமாதம் போயிருந்தேன். பச்சைத் துணியில் பொதிந்த சிறு கட்டு ஒன்று அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. நான் வந்த காரியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“தண்ணியில விடத்தானே தம்பி கேக்குறீங்க? நான் இருக்குறவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்.”

அதற்காக வரவில்லை, படமெடுத்துக்கொண்டு இங்கேயே வைத்துவிடுகிறேன் என்று விளங்கச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் முடிச்சில் கை வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துவிட்டு, கொல்லைப்புறத்துக் குழாயைக் காட்டி, உளூச் செய்துவிட்டு வந்து உட்காரச் சொன்னார்.